கடைப் பெயரில் டாட் காம் கிடைக்கவில்லை: காத்திருக்கலாமா, பெயரை மாற்றலாமா?

பலகாரக்கடை:
காரைக்குடியில் பலகாரக் கடை. மணகோலம், சீப்புச்சீடை, தேன்குழல், அதிரசம் எல்லாம் வெளியூருக்குப் பார்சல் போகிறது. கடைப் பெயரில் டாட் காம் கேட்டால் யாரோ எடுத்துவிட்டார்கள். திறந்தால் 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று ஒரே ஒரு பக்கம். டாட் இன் காலியாக இருக்கிறது. என்ன செய்யலாம்? அட்டைப்பெட்டி அச்சுக்குக் கொடுக்கணும்.

செக்காலை:
அச்சை நிறுத்தி வைங்க. லுக்கப் டாட் ஐகான் டாட் ஆர்க் என்ற, இணையப் பெயர்களின் பதிவு விவரம் காட்டும் தளத்தில் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்க. உரிமையாளர் விவரம் 2018-க்குப் பிறகு பெரும்பாலும் மறைத்திருக்கும். காலாவதித் தேதியும் ஸ்டேட்டஸும்தான் நமக்கு வேணும். 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் ப்ரொஹிபிட்டட்' என்றிருந்தால் அது பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றவிடாமல் எல்லாரும் போடுகிற பூட்டு, பயப்படாதீங்க.

தேதி முடிந்த அன்றே பெயர் நம் கைக்கு வராது. டாட் காமில் புதுப்பிக்க 45 நாள் வரை, அபராதம் கட்டி மீட்க 30 நாள், அப்புறம் அழிவதற்குக் காத்திருக்கும் 'பெண்டிங் டிலீட்' 5 நாள். ஆக 80 நாள் வரை ஓடும். இதில் ஒரு சூட்சுமம்: காலாவதியானதுமே ரெஜிஸ்ட்ரி (டாட் காம் பெயர்கள் எல்லாவற்றுக்கும் மூலப் பதிவேடு வைத்திருப்பது) தானாக ஒரு வருஷத்தைக் கூட்டிக் காட்டும். அதைப் பார்த்து ஆள் பணம் கட்டிவிட்டார் என்று ஏமாறுவார்கள். எப்படியும் நல்ல பெயரை ரெஜிஸ்ட்ரார் (நமக்குப் பெயர் பதிந்து விற்கும் நிறுவனம்) அழியும் முன்பே ஏலத்தில் விட்டுவிடுவார். 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டினவர் புதுப்பிக்க மறக்கமாட்டார். காத்திருப்பது வீண்.

பலகாரக்கடை:
புகார் கொடுத்துப் பிடுங்க முடியாதா அண்ணே?

கோட்டையூரான்:
டாட் காமுக்கு யுடிஆர்பி என்று, பெயர்த் தகராறைக் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்க்கும் ஒரு வழி இருக்கு. மூன்றையும் நிரூபிக்கணும்: பெயர் உங்கள் வணிகக்குறியோடு ஒத்துப்போகிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்தவும் செய்கிறார். நீங்கள் கடை திறக்குமுன்னே அவர் பதிந்திருந்தால் மூன்றாவதிலேயே அடிபட்டுப் போகும். இந்தப் புகாரை விசாரிக்கும் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) கட்டணமே 1,500 டாலர். விட்டுத்தள்ளுங்க.

வாங்குவதென்றால் கடை மெயிலில் கேட்காதீங்க, விலை ஏறும். பணம் எஸ்க்ரோ (பெயர் கைமாறும் வரை பணத்தைப் பிடித்துவைக்கும் நடு ஆள்) வழியாகத்தான். வாங்குமுன், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய பக்கங்களைப் பாருங்க. சூதாட்டத் தளமாக ஓடிய பெயர் என்றால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

மணகோலம்88:
என் ஓட்டு டாட் இன்னுக்கு. வாங்குபவர்கள் இந்தியாவுக்குள்தானே. ஒரே நிபந்தனை: அந்த டாட் காமில் வேறொரு பலகாரக்காரர் இருக்கக்கூடாது. இருந்தால் உங்களுக்கு வரவேண்டிய மெயிலும் ஆர்டரும் அவருக்குப் போகும்.

அதைவிடப் பெரிய தலைவலி எழுத்து. பலகாரத்துக்கு ஆங்கிலத்தில் 'கே' போடுபவர் பாதி, 'ஜி' போடுபவர் பாதி. மணகோலத்துக்கு 'ஹெச்' போடுகிறவரும் உண்டு. செட்டிநாட்டுக்கு 'டீ' ஒன்றா இரண்டா, கடைசியில் 'யு' உண்டா? (போனில் சொன்னால் டீ எது, டி எது என்பதே சண்டை.) பத்துப் பேருக்குப் போனில் பெயரைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் திருப்பி அடித்து அனுப்பச் சொல்லுங்க. அதிகம் வருகிற இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கி, இரண்டாவதைத் திறப்பவர் தானாக முதலாவதுக்குப் போகும்படி 301 ரீடைரக்டில் (நிரந்தரத் திருப்பல்) திருப்புங்க. நடுவில் ஹைஃபன் வேண்டவே வேண்டாம்.

ஊர்ப் பெயர் சேர்க்கலாம். ஆனால் காரைக்குடிக்கு ஸ்டேஷன் பலகையில் நடுவில் இரண்டு 'கே', நம்மாட்கள் ஒற்றை 'கே' அடிப்பார்கள். 'ஆச்சி' சேர்க்கும் ஆசை வந்தால் அடக்குங்க. இங்கே வீட்டுக்கு வீடு ஆச்சி இருந்தாலும், உணவுப் பொருளில் அது பதிவான வணிகக்குறி. எந்தப் பெயரானாலும் வணிகக்குறிகள் பதிவாகும் அரசின் ஐபி இந்தியா தளத்தில், பலகாரம் வரும் 30-ஆம் வகுப்பில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்க.

செக்காலை:
டாட் இந்தியா என்று தமிழிலேயே முகவரி வாங்கலாம். ஆனால் பல இடங்களில் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்தாக மாறித் தெரியும். திருப்பிவிட மட்டும் வைத்துக்கொள்ளுங்க, பெட்டியில் அச்சடிக்க வேண்டாம்.