லிங்கராஜபுரம் கூட்டம்: வர முடியாதவர்களுக்காக

சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு லிங்கராஜபுரத்தில் நடந்த நம் ஊர்ச் சங்கக் கூட்டத்தைப் பற்றி மஸ்கட் அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டுவிட்டார். நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளைகளும், போட்டோ பார்த்தோம், என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள் என்றார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், சாவகாசமாகப் படியுங்கள்.

இந்த வருடம் சிறப்பு விருந்தினர், பொன்னாடை எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிவிட்டோம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிக் கூட்டம் அமைந்ததால், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தை உண்டாக்கியவர்களைப் பற்றியும், அப்படிப்பட்ட வேலைக்கு அவரவர் இடத்திலிருந்தே தோள் கொடுத்த நம்மூர் ஆட்களைப் பற்றியும் பேசுவது என்று ஏற்பாடு.

ஆய்க்குடி என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது பாலசுப்பிரமணியர் கோயிலும் அனுமன் நதியும்தான். ஆற்றுப் படிக்கட்டில் ஊற்றும் படிப்பாயசத்தைக் கையால் வழித்துத் தின்ற பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர். ஆனால் அங்கே இருக்கும் அமர் சேவா சங்கத்துக்கும் நாம் பிழைக்க வந்த இந்த பெங்களூருக்கும் உள்ள தொடர்பு, இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

ஆய்க்குடிக்காரர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வுக்காக இங்கே வந்தார். 1975 ஜனவரி. உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துப் பகுதி முதுகெலும்பில் அடி. கழுத்துக்குக் கீழே உடம்பு அசையவில்லை. இருபது வயதை ஒட்டிய பையன். ஊரிலிருந்து பெட்டியோடு அனுப்பிவைத்த பிள்ளையைப் படுத்த படுக்கையாகத் திரும்பப் பார்த்த வீட்டை நினைத்துப் பாருங்கள். ராணுவ மருத்துவமனையில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல். அந்த அமர்ஜித்தான் அமர் சேவா சங்கத்தின் பெயரில் இருக்கும் அமர். நம்மில் பாதிப்பேர், அமரர் என்பதுபோல ஏதோ சாமி பெயர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்கள்.

1981-ஐ உலகம் முழுக்க ஊனமுற்றோர் ஆண்டு என்று கொண்டாடினார்கள். அந்த வருடமே ராமகிருஷ்ணன் சொந்த ஊரில் சங்கத்தை ஆரம்பித்தார், போலியோ வந்த சில பிள்ளைகளை வைத்துக்கொண்டு. தசைச்சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் 1992-ல் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம், உடற்பயிற்சி சிகிச்சை, தொழிற்பயிற்சி, காலைத் தாங்கும் காலிபர் செய்யும் பட்டறை என்று இரண்டு பேரும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வளர்த்தார்கள். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது பெரிதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, விழுந்தவர் தன் வீட்டுக்குள் முடங்காமல் பக்கத்து ஊர்ப் பிள்ளையைப் பற்றி யோசித்தாரே, அது.

இதைப் பேசும்போது என் குரல் கம்மியது. அக்காவை நினைத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு அவளைத் தெரியும். இரண்டு வயதில் காய்ச்சல் வந்து வலது கால் விளங்காமல் போனது. எட்டு வயதுவரை தரையில் தவழ்ந்துதான் திண்ணைக்கு வருவாள். அப்புறம் காலிபர் வந்தது. காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் கெண்டையிலும் தோல் பட்டை, அடியில் கனமான ஒரு பூட்ஸ். முட்டிக்கு நேரே கம்பியில் சின்ன வளையம் இருக்கும். எழுந்து நின்றால் அது தானாகக் கீழே இறங்கி முட்டி மடங்காமல் பிடித்துக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் குனிந்து அதைத் தூக்கிவிட வேண்டும். வளையம் விழும் அந்த ‘டக்’ சத்தம் கேட்டால் அக்கா எழுந்துவிட்டாள் என்று அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியும். வியர்வையில் பட்டை இற்றுப்போகும், கம்பி வளையும், வளரும் பிள்ளைக்கு அளவு மாறும். அதைச் சரி பண்ணுவதற்காகவே அம்மா அவளை ஆய்க்குடிக்குக் கூட்டிப்போவாள்.

அந்தப் பயணத்தில் வருகிறவர்தான் நம் கண்டக்டர் மாமா. இப்போது மகன் வீட்டோடு இங்கே ஹொரமாவு பகுதியில் இருக்கிறார். அக்கா பஸ் ஏற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், டிரைவர் ஹாரன் அடிப்பார். மாமா விசில் கொடுக்க மாட்டார். அக்கா உட்கார்ந்து, வளையத்தைத் தூக்கிக் காலை மடக்கி முடிக்கிறவரை படியிலேயே நிற்பார். கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி இதைச் சொன்னபோது அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. “நான் என்னத்தச் செஞ்சேன், விசில் என் கையில இருந்துச்சு, அவ்வளவுதானே” என்றார். எல்லோரும் எழுந்து கை தட்டினோம். அவர் பெயரையும் நம் ஊர்ச் சங்கத்தின் ஆதரவாளர் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம், நன்கொடை கொடுத்தவர்கள் வரிசைக்கு முதலில்.

இன்னொருவர் கம்மனஹள்ளி மதினி. இட்லி மாவு அரைத்து விற்கிறார். பதினோரு வருடமாக மாதம் பிறந்தால் அமர் சேவா சங்கத்துக்கு ஐந்நூறு ரூபாய், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நம் பொருளாளருக்கே இது போன மாதம்தான் தெரியும். நம்மில் பலர் கல்யாண நாள், அப்பா திவசம் என்று ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புகிறோம். அது நல்ல காரியம்தான், விட வேண்டாம். ஆனால் மதினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சோறு போட ஆளு வருவாங்க. பயிற்சி கொடுக்க வர்ற பிள்ளைக்கு மாசாமாசம் சம்பளம் கொடுக்கணும்லா, அது யாரு கொடுப்பா?”

இது எவ்வளவு சரி என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைக்கு ஆறு வயதுக்குள் கொடுக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். கழுத்து நிற்க, குப்புற விழ, கையில் பிடிக்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அம்மாவுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். இடையில் விட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் அமர் சேவா சங்கத்துப் பணியாளர்கள் கிராமங்களுக்கே போய், வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துக் குழந்தையைப் பார்க்கிறார்கள். ஒருநாள் பணத்தை வைத்து இந்த மாதிரி வேலையைத் திட்டம் போட முடியாது. முந்நூறோ ஐந்நூறோ, மாதம் தவறாமல் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு ஆளை வேலைக்கு வைக்க முடியும். துபாய், சிங்கப்பூர் சொந்தங்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். சேர்கிறவர்கள் பொங்கலுக்குள் பொருளாளருக்குத் தனி மடல் போட்டால் போதும், தொகையைக் குழுவில் போட வேண்டாம்.

இனி, மனதுக்குக் கஷ்டமான விஷயம்.

கூட்டம் நடந்த மண்டபத்து வாசலில் மூன்று படி. சாய்தளம் கிடையாது. நாங்கள் வருடா வருடம் அங்கேதான் கூடுகிறோம், ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நம் தம்பி இந்த வருடம்தான் முதல்முறையாக வந்தான். விபத்துக்குப் பிறகு நான்கு வருடமாகச் சக்கர நாற்காலி. நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினோம். தூக்கும்போது அவன் இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். கீழே வைத்ததும் “பரவாயில்லண்ணே” என்றான். மாற்றுத்திறனாளிகளுக்காகக் கூட்டம் போட்டுவிட்டு அவனை மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு போனோமே என்று எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஏபிடி (Association of People with Disability) இருக்கிறது. போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்த என். எஸ். ஹேமா 1959-லேயே ஆரம்பித்த நிறுவனம். தமிழ்க்காரர்கள் நிறைந்த இந்த லிங்கராஜபுரத்தில் அதன் வாசலைத் தாண்டாத ஆள் நம்மில் குறைவு. ஜீவன் பீமா நகரில் அவர்கள் தோட்டக்கலைப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் நம் வீட்டுப் பெண்கள் செடி வாங்கி வருகிறார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் நம் வாசற்படியை நாம் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு நம் பட்டறை அண்ணாச்சி டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு படி ஆறு அங்குலம், மூன்றும் சேர்த்துப் பதினெட்டு. “ஆறடிப் பலகை ஒண்ணு போட்டாப் போதும்” என்றார். தம்பி வேண்டாம் என்றான். அவ்வளவு செங்குத்தாக இருந்தால் ஏறும்போது நாற்காலி பின்னால் மல்லாந்துவிடுமாம். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம், அதுதான் கணக்கு. அப்படியானால் பதினெட்டு அடி. வாசலிலிருந்து தெருவுக்கு அவ்வளவு இடம் இல்லை, எனவே மதிலை ஒட்டித் திருப்ப வேண்டும். திரும்பும் இடத்தில் நாற்காலி சுழல ஐந்துக்கு ஐந்து அடி சமதளம் வேண்டும். சக்கரம் நழுவாமல் இரண்டு ஓரத்திலும் சின்ன விளிம்பு. எல்லாவற்றையும் அண்ணாச்சி பந்திக்கு வாங்கிய பேப்பர் ரோலில் ஒரு துண்டு கிழித்து வரைந்துகொண்டார். தம்பி சொல்லச் சொல்ல அவர் எழுதியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மண்டபக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார்.

ஹொசூரிலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தி, ஆட்டிசம் உள்ள மகனுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்குமா என்று தயங்கிக் கேட்டாள். கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது, 2016 சட்டத்தில் 21 வகை, அதில் ஆட்டிசமும் உண்டு. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டால் நாடு முழுக்கச் செல்லும். ஆனால் மாத உதவித்தொகை அந்தந்த மாநில அரசு கொடுப்பது, அதற்கு இருக்கும் மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் குழம்புகின்றன. விண்ணப்பம் போடத் தெரியாதவர்களுக்குத் தம்பி உதவுகிறேன் என்றிருக்கிறான்.

பொங்கல் கூட்டத்துக்கு அக்கா ஊரிலிருந்து வருகிறாள். இப்போது காலிபர் கிடையாது, தோள்பட்டை தேய்ந்துபோனதால் அவளும் நாற்காலிக்கு மாறிவிட்டாள். கண்டக்டர் மாமாவைப் பார்க்க வேண்டும் என்று போனில் சொன்னாள்.

சாய்தளம் மூன்று துண்டாகப் பட்டறையில் தயாராகிவிட்டது. பெயிண்ட் மட்டும் பாக்கி. வழுக்காமல் இருக்க, பெயிண்ட் காய்வதற்குள் மேலே சலித்த மணல் தூவ வேண்டுமாம், ஒருவர் அடிக்க ஒருவர் தூவ வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் வந்தால் அண்ணாச்சிக்கு உதவியாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் பதில் போடுங்கள்.

அன்புடன்,
பெங்களூரு கிளைச் செயலாளர்