பழவேற்காடு ஏரிக்கு டிரோலிங் மோட்டார்: காற்றைக் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுத்த அனுபவம்

பெரிய ஏரியில் தூண்டில் போடுவதற்குச் சிறிய படகில் எந்த டிரோலிங் மோட்டாரை (பேட்டரியில் சத்தமில்லாமல் ஓடி, படகை மெதுவாக நகர்த்தும் சிறிய மின் மோட்டார்) பொருத்தலாம் என்று கேட்கும் நண்பர்கள் பெரும்பாலும் உந்துவிசை எத்தனை பவுண்டு என்பதில்தான் தொடங்குகிறார்கள். பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையில், தடா பக்கத்தில் வளர்ந்து, மாமாவின் ஃபைபர் படகில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போட்டு வருகிறவன் நான். கரை திரும்பும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்பதை முதலில் கேளுங்கள் என்றே சொல்வேன். மோட்டார், பேட்டரி, ஒயர் எல்லாவற்றையும் அதன் பிறகு முடிவு செய்யலாம்.

எங்கள் ஊர் ஏரியின் மேற்குக் கரையில் இருப்பதால், பங்குனி, சித்திரையில் பிற்பகலில் எழும் கடற்காற்று படகைத் தானாகவே வீட்டுப் பக்கம் தள்ளிவிடும். அந்த மாதங்களில் சிறிய மோட்டாரே தாராளம் என்று தோன்றும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிடித்துவிட்டால், காலையில் முதுகில் இருந்த காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால் அலை உயரமாக எழாது. ஆனால் குட்டை குட்டையாக, இடைவெளியே இல்லாமல் வந்து படகின் முகப்பில் அறைந்துகொண்டே இருக்கும்.

படகு, ஆட்கள், பேட்டரி, சாமான் எல்லாம் சேர்த்து 100 பவுண்டு எடைக்கு 2 பவுண்டு உந்துவிசை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் படகு மூன்று பேருடன் ஏறத்தாழ 600 கிலோ, அதாவது 1,300 பவுண்டுக்குச் சற்று மேல். அந்தக் கணக்குப்படி 26 பவுண்டு போதும். காற்றில்லாத குளத்துக்கு அது சரி. திறந்த ஏரிக்கு அதைப் போல் இரண்டு மடங்கு வேண்டும் என்று முடிவு செய்து, 12 வோல்ட்டில் ஓடும் 55 பவுண்டு மோட்டாரை எடுத்தோம். அதற்கு மேல் போனால் 24 வோல்ட்டுக்கு மாற வேண்டும், பேட்டரியும் இரண்டாகும். எங்கள் அளவுப் படகுக்கு அந்தப் பாரம் தேவையில்லை.

உண்மையில் பணத்தையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய இடம் பேட்டரி. 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதன் அளவு) கொண்ட ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூடக் கையில் நிற்காது. வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வந்து படகில் வைப்பவர்களும் எங்கள் பக்கம் உண்டு. ஐம்பது கிலோவுக்கு மேல் எடையும், படகு ஆடும்போது தளும்பும் அமிலமும் கொண்ட அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் அதே 100 ஆம்பியர்-அவர் கொள்ளளவு பன்னிரண்டு கிலோ அளவில் கிடைக்கிறது, பெரும்பகுதியைப் பயன்படுத்தவும் முடிகிறது. ஆனால் அதில் மின்னழுத்தம் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, பிறகு உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று சட்டென்று துண்டித்துவிடும்; வேகம் குறைவதைப் பார்த்து எச்சரிக்கை ஆகலாம் என்று இருந்துவிட முடியாது. ஆகவே எத்தனை ஆம்பியர்-அவர் மிச்சம் என்று காட்டும் ஷன்ட் மீட்டரைக் கட்டாயம் பொருத்துங்கள். அது பாதியைக் காட்டுவதற்கு முன்பே முகப்பைக் கரைப் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. அதோடு ஒரு நீண்ட மூங்கில் கழியும் எப்போதும் படகில் கிடக்கும். ஆழமில்லாத இந்த ஏரியில் அது ஊன்றித் தள்ளவும் உதவும், சேற்றில் குத்தி நிறுத்தி வைத்தால் நங்கூரமும் ஆகும். ஜிபிஎஸ் மூலம் ஒரே இடத்தில் நிற்கும் விலையுயர்ந்த மோட்டார் ஆழமான நீர்த்தேக்கங்களில் அருமையாக வேலை செய்யும். இங்கே அந்த வேலையைக் கழியே செய்துவிடுகிறது.

அடுத்தது உப்பு. கோடையில் இந்த ஏரியின் உப்பு கடல்நீரையும் மிஞ்சும் என்பதால், நன்னீர் மோட்டாரை வாங்கவே வேண்டாம்; துத்தநாக அனோடு (தான் முதலில் அரித்து மோட்டாரின் உலோகத்தைக் காக்கும் துண்டு) உள்ள உப்புநீர் மாடலைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் உறவினர் ஒருவருக்குக் கடைக்காரர் வீட்டு ஒயரிங்குக்குப் போடும் கம்பியையே இணைத்துக் கொடுத்திருந்தார். ஒரு பருவம் முடிவதற்குள் மோட்டார் சோர்ந்து ஓட, உறையைச் சீவிப் பார்த்தோம்; செம்பு இழைகள் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் களிம்பு ஏறி, விரலால் தேய்த்தாலே உதிர்ந்தன. வெள்ளீயம் பூசிய 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், பேட்டரியை ஒட்டி 60 ஆம்பியர் பிரேக்கரும் போட்ட பிறகு அந்த மோட்டார் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

தண்டு நீளத்தைப் பொறுத்தவரை, விசிறி நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே இருக்குமாறு அளந்து வாங்கினால் போதும். விசிறியை அவ்வப்போது கழற்றிப் பார்ப்பது அதைவிட முக்கியம். நட்டை எடுத்து விசிறியை உருவினால், அறுந்த நைலான் நரம்பு அச்சைச் சுற்றி இறுகி, சீலின் விளிம்பில் பதிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை விட்டுவைத்தால் சீல் அறுந்து மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கும். கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவும் நேரத்திலேயே இதையும் முடித்துவிடலாம்.

சத்தமில்லாமல் நெருங்கும் வசதி கிடைத்துவிட்டது என்பதற்காகப் பாட்டு வலை கட்டியிருக்கும் இடங்களுக்குள் நுழைந்துவிடாதீர்கள். மீன்பிடி இடங்களைக் குடும்பங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைத்தான் இங்கே பாடு என்கிறோம்; அந்த இடத்தில் கம்பு நட்டுக் கட்டுவது பாட்டு வலை. அந்தப் பாட்டை முறைப்படி பெற்ற குடும்பத்தின் அன்றைய வருமானம் அது. வலைக் கம்புகள் கண்ணில் பட்டவுடன் மோட்டாரைத் தூக்கிவிட்டு, கழி ஊன்றிச் சுற்றிப் போவதே எங்கள் ஊர் வழக்கம். மார்கழி, தையில் பூநாரைகள் மேயும் ஆழமற்ற பகுதிகளுக்கும் நாங்கள் இப்படித்தான் விலகிப் போகிறோம்.