"பிரவுனியில் பச்சைக் கற்பூரம் போட்டியா?"

அம்மாவுக்குச் சுகர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஸ்வீட் எதுவும் வாய்விட்டுக் கேட்க மாட்டார், ஆனால் நான் ஓடிஜியில் (சின்ன மின்சார அவன்) பிரவுனி வைக்கும் நாளில் மட்டும் சமையலறைப் பக்கம் சும்மா இரண்டு தடவை வந்து போவார். அதைப் பார்த்துத்தான் சர்க்கரை இல்லாத பிரவுனியில் இறங்கினேன். பிரசவத்துக்கு அப்புறம் ஏறிய என் எடையும் ஒரு காரணம், அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் தடவை ஸ்டீவியா, ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு. சர்க்கரையைவிட 200, 300 மடங்கு இனிப்பு என்பதால் 200 கிராம் சர்க்கரைக்குப் பதில் அரை ஸ்பூன்கூட வேண்டாம். கணக்கு சரிதான், அந்த 200 கிராம் இல்லாமல் டின்னில் என்ன மிஞ்சும் என்றுதான் யோசிக்கவில்லை. வெந்து வந்தது நேற்று சுட்ட அடை மாதிரி இருந்தது. வறட்சி, விழுங்கிய பிறகு அதிமதுரம் மென்ற மாதிரி ஒரு கசந்த தித்திப்பு. ஈரத்தைப் பிடித்து வைப்பது, மேலே அந்தப் பளபளப்பான மெல்லிய தோல் வருவது எல்லாமே சர்க்கரையின் வேலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்தது எரித்ரிட்டால் என்ற இனிப்புப் பொடி. பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும், இனிப்பு அதில் 70 சதவீதம், கலோரி கிராமுக்கு 0.2தான் (சர்க்கரைக்கு 4). அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலை அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, ஒன்றும் பேசாமல் மென்றுவிட்டு, "ஏன்டி, இதுல பச்சைக் கற்பூரம் போட்டியா?" என்றார். நாக்கு ஜில்லென்று இருக்கிறதாம். அப்புறம், "மாவு சலிக்கலையா, மணல் கடிபடுது."

எரித்ரிட்டால் கரையும்போது வாயிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ளும், அதுதான் அந்த ஜில். ஆறியதும் மறுபடி படிகமாகிவிடும், அதுதான் மணல். இப்போது மிக்ஸியில் நைசாகப் பொடித்து, அளவை 120 கிராமாகக் குறைத்து, குறைகிற இனிப்புக்கு ஒரு சிட்டிகை ஸ்டீவியா சேர்க்கிறேன். கூடவே நாலு பேரீச்சம்பழம் ஊறவைத்து அரைத்த விழுது. அதுவும் சர்க்கரைதான், தெரியும், ஆனால் அது இல்லாமல் அந்தப் பிசுபிசுப்பு வரவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தால் மைக்ரோவேவில் பத்து செகண்ட் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், மணல் பெருமளவு அடங்கிவிடும்.

கலோரிக்கு வருகிறேன், இங்கேதான் நான் ஏமாந்தேன். 16 துண்டு வரும் என் பழைய முறையில் துண்டுக்கு ஏறக்குறைய 160. சர்க்கரையை மொத்தமாக எடுத்தும் 115க்குத்தான் இறங்கியது, காரணம் 120 கிராம் வெண்ணெய் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, அது மட்டுமே 850க்கு மேல். பாதி வெண்ணெயை எடுத்துவிட்டுக் கெட்டித் தயிர் போட்ட பிறகுதான் நூறுக்குக் கீழே வந்தது. டார்க் சாக்லேட்டிலும் சர்க்கரை உண்டு, மைதாவும் சுகரை ஏற்றும், அதனால் "இனிப்பே போடலை" என்று அம்மாவுக்கு நாலு துண்டு தருவதில்லை. ஒன்றுதான்.

* * *

பின்னூட்டம்: நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன் அக்கா, இங்கே கடையிலேயே அல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரை மாற்று கிடைக்கிறது. இனிப்பு எரித்ரிட்டால் அளவுதான், ஆனால் ஜில்லும் கிடையாது மணலும் கிடையாது, நிறமும் சர்க்கரை மாதிரியே ஏறும். சீக்கிரம் கருகிவிடும், அதைமட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் டின் மேலே கரி, உள்ளே மாவு.

* * *

இன்னொரு பின்னூட்டம்: சுகர் ஃப்ரீ என்று எழுதிய சாக்லேட்டை உருக்கிப் போட்டுச் செய்தேன். கவரைத் திருப்பிப் பார்த்திருந்தால் மால்டிட்டால் (அதிகம் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும் ஒரு இனிப்பு) என்று இருந்திருக்கும். சர்க்கரைதான் இல்லையே என்று தைரியமாக ஐந்து துண்டு. அன்று ராத்திரி நானும் என் வீட்டுக்காரரும் பாத்ரூமுக்கு டோக்கன் போட்டுக்கொண்டு நின்றதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஸ்டீவியா பொடி பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள், சிலதில் முக்கால்வாசி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி, அது சர்க்கரையைப் போலவே சுகரை ஏற்றும்.

* * *

மூன்றாவது பின்னூட்டம்: நாய் வளர்ப்பவர்கள் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்றின் பக்கமே போகாதீர்கள். நமக்கு அப்படி ஆகாது, நாய்க்கு ஒரு சின்னத் துண்டு போதும், சுகர் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. சாக்லேட்டே நாய்க்கு ஆகாது என்பது வேறு விஷயம்.

* * *

பதிவு போட்டவள்தான் மறுபடி. அல்லுலோஸ் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஜில்லுப் பொடியை வீணாக்காதே. சர்க்கரைப் பொங்கல்ல போடு, கற்பூரம் வாங்கற காசு மிச்சம்" என்கிறார்.