பிரெனல் லென்ஸின் கீழ் மூன்றடுக்குச் சூரிய மின்கலம்: திறன் குறைவது ஏன்?

உச்சிவெயில்: வணக்கம். பிரெனல் லென்ஸின் (வளைய வரிகள் கொண்ட தட்டையான குவிலென்ஸ்) குவியத்தில் வைத்த கலம் ஒளியை மின்சாரமாக மாற்றும் திறன், விவரத்தாளில் 40 விழுக்காடு என்று இருந்தும், 23 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நாளை மறுநாள் மதிப்பீடு என்பதால் விரைந்து உதவுங்கள்.

தாமிரத்தகடு: கலத்தின் பரப்பு என்ன, லென்ஸின் பரப்பு என்ன? வெயிலை எந்தக் கருவியால் அளந்தீர்கள்? குவிக்கும் லென்ஸுக்கு நேரடிக் கதிர் மட்டுமே பயன்படும் என்பதால், வானம் முழுவதும் சிதறிய ஒளியையும் சேர்த்து அளந்திருந்தால் கணக்கே பிழையாகிவிடும்.

பழம்பட்டறை: இத்தனை செறிந்த ஒளியில் கலத்தை வைப்பவர் வெப்பக் கடத்தலின் அடிப்படையைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். கலம் சூடேறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

உச்சிவெயில்: கலம் 1 சதுர செ.மீ., லென்ஸ் 25 செ.மீ. சதுரம், நேரடிக் கதிர் சதுர மீட்டருக்கு 850 வாட். திறந்த சுற்றில் 3.0 வோல்ட், குறுக்குச்சுற்றில் 6.3 ஆம்பியர், உச்சத் திறன் 12 வாட். அடியில் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க் உண்டு.

நீலக்கதிர்: அடுக்குகளை இணைக்கும் டனல் டையோடுகளையே நான் சந்தேகிக்கிறேன். ஒளி ஒரே புள்ளியில் குவிந்து அவற்றின் உச்ச மின்னோட்டத்தை மீறினால், மின்னழுத்தம் சட்டென்று சரியும்.

தாமிரத்தகடு: அப்படியானால் மின்னோட்டம்–மின்னழுத்த வளைகோட்டில் ஒரு பள்ளம் தெரிய வேண்டுமே. சூடும் முதற்காரணமாகத் தோன்றவில்லை. கலம் பெரிதாகச் சூடேறியிருந்தால் திறந்த சுற்று மின்னழுத்தம் 3 வோல்ட்டில் நின்றிராது. குறைவது நிரப்புக் காரணி (உச்சத் திறனைத் திறந்த சுற்று மின்னழுத்தம், குறுக்குச்சுற்று மின்னோட்டம் இரண்டின் பெருக்கலால் வகுத்தால் வருவது) மட்டும்தான்: 0.85 அளவில் இருக்க வேண்டியது 0.64-க்கு வந்திருக்கிறது. மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் ஒரே இரு கம்பிகளில் அளக்கிறீர்களா? 6 ஆம்பியர் ஓடும்போது கம்பியிலும் இணைப்பிலும் 0.1 ஓம் இருந்தாலே ஏறத்தாழ 4 வாட் அங்கே போய்விடும்.

சிக்கனம்: கடையில் கிடைக்கும் சிலிக்கான் தகடு, சூரியனைத் துரத்தாமலே, மேகமூட்டத்திலும் ஓரளவு மின்சாரம் தருகிறது. இவ்வளவு பாடு எதற்கு?

நீலக்கதிர்: ஜெர்மனியின் பிரௌன்ஹோஃபர் நிறுவனம் 2022-இல் 665 மடங்கு குவித்த வெயிலில் 47.6 விழுக்காடு எட்டியது. சிலிக்கானின் ஒற்றைச் சந்தியால் (ஒளியை மின்சாரமாக்கும் ஒரே அடுக்கால்) அந்த உயரத்தை நினைக்கவும் முடியாது.

சிக்கனம்: அது நான்கு சந்திகள் கொண்ட கலத்தை ஆய்வகத்தில் அளந்த அளவு. லென்ஸின் இழப்பு, சூரியனைத் துரத்தும் டிராக்கரின் பிசகு, தூசி ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

பழம்பட்டறை: கேள்வி கேட்டவருக்கு இரண்டும் பயன்படாது. நான்கு கம்பி அளவீடு (மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்குத் தனியே இரண்டு) என்பது முதலாண்டுப் பாடம்.

உச்சிவெயில்: மின்னழுத்தத்தைக் கலத்தின் முனையிலேயே தனிக் கம்பிகளால் அளந்தபோது 15.7 வாட் கிடைத்தது. நன்றி.

தாமிரத்தகடு: அப்படியும் கணக்கு ஏறத்தாழ 30 விழுக்காட்டில்தான் நிற்கிறது. விவரத்தாளின் 40, கலத்துக்கு மட்டும் 25 பாகை வெப்பநிலையில் சொல்லப்பட்டதா? லென்ஸ் எவ்வளவு ஒளியைக் கடத்துகிறது என்று தனியாக அளந்தீர்களா?