தேயிலை ஃபேக்டரியிலிருந்து எம்.இ. மெக்கட்ரானிக்ஸ் போகலாமா?

கோத்தகிரிக்காரன்:
மெக்கானிக்கல் முடித்து, தேயிலை ஃபேக்டரியில் இரண்டு வருடமாக மெயின்டனன்ஸ். தூளில் கிடக்கும் காம்பைக் கேமராவில் பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளுமே, அந்தக் கலர் சார்ட்டர்தான், இயந்திரம், எலக்ட்ரானிக்ஸ், கணினிக் கட்டுப்பாடு மூன்றையும் சேர்த்துப் படிக்கும் மெக்கட்ரானிக்ஸ் மேல் ஆசையைக் கிளப்பியது. அது மக்கர் செய்தால் கோவையிலிருந்து ஆள் வரவேண்டும். மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. எம்.இ. சேர எழுதும் கேட் தேர்வில் மெக்கட்ரானிக்ஸுக்குத் தனித் தாள் உண்டா?

குன்னூர் அக்கா:
கிடையாது தம்பி, மெக்கானிக்கலே எழுது. மதிப்பெண் 3 வருடம் செல்லும். கேட் தகுதியோடு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உள்ள இடத்தில் சேர்ந்தால் மாதம் ரூ.12,400 உதவித்தொகை. சென்னை குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி. கல்லூரியைப் பார். வெயில்தான் கொல்லும்!

ஊட்டிப் பொடியன்:
மேட்ரிக்ஸ் கணக்கைத் தூசி தட்டுங்கள் அண்ணா. அது இல்லாமல் ரோபோ கை எங்கே நிற்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. கன்ட்ரோல் சிஸ்டத்தில் நான் அரியர் வைத்தவன்.

கோத்தகிரிக்காரன்:
சரிங்க அக்கா. கணக்குப் புத்தகம் பரணில் கிடக்கிறது.