பிரிக்கத் தகாச் சுமையா, பகாச் சுமையா?

ரொறன்ரோவிலிருந்து:
வணக்கம். எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ஓடும் எங்கள் பாரவூர்தி ஓட்டுநர்களுக்குக் கையேடு ஒன்று தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேணும். இரண்டு சொற்களில் சிக்கி நிற்கிறேன். 'ஓவர்சைஸ் லோட்': அகலம் 8.5 அடியைத் தாண்டினால் போகிற மாநிலம் ஒவ்வொன்றிலும் தனி அனுமதி எடுக்க வேணும். மிச்சிகன் தந்தது ஒஹாயோவில் செல்லாது. 'நான்டிவிசிபிள் லோட்': பிரித்தால் பயன் கெடும், மதிப்பு அழியும், அல்லது பிரிக்கவே 8 மணி நேர வேலைக்கு மேல் பிடிக்கும். முன்னதற்கு இப்போதைக்கு 'அளவுமீறிய சுமை' என்று எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து:
இரண்டாவதற்கு நன்னூல் வழிகாட்டுகிறது. பகுபதம், பகாப்பதம் படித்தவர்க்குப் 'பகாச் சுமை' விளங்கும். பள்ளிக் கணக்கிலும் பகா எண் உண்டு. பகுதி, பங்கு, பகல் எல்லாம் 'பகு' அடிதான். நுகத்தடியின் நடு ஆணிக்கும் பகல் என்றே பெயர். பட்டினப்பாலை வணிகரின் நடுவுநிலைமைக்கு அந்த ஆணியை உவமை சொல்கிறது. வண்டிக்காரர் சொல் வண்டிக்கே திரும்பட்டுமே.

சென்னையிலிருந்து:
முதலில் 'பாரவூர்தி'யைச் சரிசெய்யுங்கள். பாரம் வடசொல். சுமையுந்து என்க.

திருச்சியிலிருந்து:
மதுரை ஐயா, பகா எண் எப்படியும் வகுபடாது. இந்தச் சுமையோ ஒரு நாள் உழைத்தால் பிரிந்துவிடும். பிரிப்பது கட்டுபடியாகாது என்றுதான் விதி சொல்கிறது. 'பிரிக்கத் தகாச் சுமை' என்பதே பொருந்தும்.

'மீறிய' வேண்டவே வேண்டாம். அனுமதி வாங்கி ஓடுகிறவர் எதை மீறினார்? 'மிகைச்சுமை' என்றாலோ எடை என்று நினைத்துக்கொள்வார்கள். 2013 மே 23 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் ஆற்றுப் பாலத்தின் ஒரு கண் சரிந்ததே, இடித்த வண்டியிடம் அனுமதி இருந்தது. உயரம் பார்க்கும் கழி கட்டிய கார் ஒன்றும் முன்னே போனது. வினை உயரத்தால் வந்தது. மேல்சட்டம் வளைவானது, வலப்பக்க ஓரத் தடத்தில் தாழ்ந்திருந்தது. உள்தடத்தில் போயிருந்தால் தட்டாது. வழியில் இடைவெளி போதுமா என்று பார்ப்பது வண்டிக்காரர் பொறுப்பு என்பது அந்த மாநில விதி. ஆகவே சொல்லைக் கேட்டதும் டேப்பை எடுத்து அளக்கத் தோன்ற வேண்டும்: 'மிகையளவுச் சுமை'. எங்கள் யார்டில் இதை 'ஓடிசி' (ஓவர் டைமென்ஷனல் கார்கோ) என்பார்கள், அதையும் ஓரிடத்தில் சேர்க்கலாம்.

ரொறன்ரோவிலிருந்து:
ஓடிசி இங்கே ஒருவருக்கும் விளங்காது. வண்டியில் கட்டும் மஞ்சள் பதாகையில் ஓவர்சைஸ் லோட் என்றுதான் இருக்கும். தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் அதையே போடுகிறேன். பாரவூர்தி ஈழத்தில் பத்திரிகை படித்து வளர்ந்தவர்களின் சொல், அதை மாற்ற மாட்டேன். திருச்சியிலிருந்து சொன்னபடி 'மிகையளவுச் சுமை', 'பிரிக்கத் தகாச் சுமை'. 8 மணி நேர விளக்கம் அடிக்குறிப்பில் வரும்.

மதுரையிலிருந்து:
'தகா' என்றதும் பிரிக்கக் கூடாது என்ற தடை ஒலிக்கிறது. சட்டம் அப்படித் தடுக்கவில்லையே. என் வாக்கு பகாச் சுமைக்கே. அடுத்த பதிப்புக்காவது குறித்து வையுங்கள்.