டைட்டன் குளிரில் வேதிவினை நடக்குமா?

பொன்வண்டு:
சனியின் நிலவான டைட்டனின் மேல் வளிமண்டலத்தில் உயிருக்கான மூலப்பொருளே தயாராகிறது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். தரையில் -179 டிகிரி, 1,000 கிலோமீட்டர் உயரத்திலும் -120 பக்கம்தான். பத்து டிகிரி குறைந்தால் வினை வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்று பிளஸ் டூவில் படித்தோம். இருப்பதும் நைட்ரஜன், மீத்தேன் என்ற இரண்டு சோம்பேறிகள். என்னத்தைச் செய்துவிடும்?

ஆய்வக எலி:
அந்த விதி, முழு மூலக்கூறுகள் மோதி ஒரு ஆற்றல் மேட்டை ஏறிக் கடக்கும் வினைகளுக்கு. டைட்டனில் முதல் வேலையைச் செய்வது வெப்பம் இல்லை, வெளிச்சம். புறஊதாக் கதிர் மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிய்க்கிறது, ஒரு ஹைட்ரஜன் போனால் மிஞ்சும் துண்டுதான் மெத்தில். நைட்ரஜனின் முப்பிணைப்பு லேசில் உடையாது, 100 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் வேண்டும், அந்தக் கதிரோ மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும், அதனால்தான் கூத்தெல்லாம் அங்கே நடக்கிறது. உடைந்த நைட்ரஜன் அணுவும் மெத்திலும் மோதினால் இரண்டே படியில் ஹைட்ரஜன் சயனைடு. மின்னேற்றம் பெற்ற துண்டுகளான அயனிகளுக்குப் பல வினைகளில் அந்த ஆற்றல் மேடே கிடையாது, குளிர் அவற்றை ஒன்றும் செய்யாது.

பொன்வண்டு:
சரி, உடைகிறது. சேருவது எப்படி? இரண்டு மெத்தில் சேர்ந்து ஈத்தேனாக நிலைக்க, மிச்ச ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவது ஆள் வேண்டுமே. அந்த மெல்லிய காற்றில் மூன்று பேர் எங்கே சந்திப்பது?

வளையம்6:
நியாயமான கேள்வி அண்ணே. ஈத்தேன் பெரும்பாலும் கீழே, அடர்த்தியான அடுக்கில்தான் உருவாகிறது. ஆனால் மெத்தில் அயனி மீத்தேனோடு மோதினால் எத்தில் அயனியும் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும் வரும், மிச்ச ஆற்றல் இரண்டோடும் பிரிந்து போய்விடும். மூன்றாவது ஆளே வேண்டாம். அப்புறம், இலேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது, உடைந்த மீத்தேன் பழையபடி ஆவது கடினம். சனியைச் சுற்றிய காசினி விண்கலம் அந்த உயரத்தில் நேரடியாகப் பறந்தபோது பென்சீன் கிடைத்தது, நிறை 10,000 அணு நிறை அலகு வரை போகும் எதிர்மின் அயனிகளும் கிடைத்தன.

பொன்வண்டு:
அந்தப் பத்தாயிரத்தைத்தான் நம்ப முடியவில்லை. அதைக் கண்டது எலக்ட்ரான்களை அளக்க வைத்த கருவி. அயனியின் ஆற்றலையும் விண்கலத்தின் வேகத்தையும் வைத்து நிறையைக் கணக்கிட்டார்கள். கனமானது என்று சொல்லலாம், அது என்ன பொருள் என்று யார் சொன்னது?

ஆய்வக எலி:
யாரும் சொல்லவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆய்வகத்தில் இதே வாயுக்களை வைத்து நாம் செய்யும் பழுப்புப் பிசினும் அதுவும் ஒன்று என்று எழுதுவோரோடு எனக்கும் சண்டைதான். ஆனால் வினையே நடக்காது என்றுதானே ஆரம்பித்தீர்கள்?

பொன்வண்டு:
அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன். உயிர் விஷயத்தில் இல்லை. 2028-ல் டைட்டனுக்கு நாசாவின் டிராகன்ஃபிளை கலம் கிளம்பினாலும் அது தரையில்தானே இறங்கும், மேலே நடப்பதைப் பார்க்காதே!

வளையம்6:
அது இறங்கப்போகும் ஷாங்ரி-லா மணல்மேடுகள் கரிமப் பொருளால் ஆனவை. மேலிருந்து உதிராமல் அது வேறு எங்கிருந்து வந்திருக்கும், சொல்லுங்கள்?